‘ஒங்க பரம்பரையில யாருக்காச்சும் இருக்கா?’

சென்ற தை மாதம் என் பெரியப்பாவை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். வயது 63. திருவிடைமருதூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அண்டை வெட்டவும் நாற்றுப் பறிக்கவும் போய்க்கொண்டிருந்தவர், காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஊரைவிட்டுக் கிளம்பினார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 22 வருஷம் நின்றார். அப்புறம் இடுப்பு விட்டுப்போய் ஊருக்கே திரும்பிவிட்டார்.

சிறுநீரில் ரத்தம் போனது போன ஐப்பசியில். வலி எதுவும் இல்லை. ‘ஒடம்பு சூடு’ என்றார்கள். இளநீர் குடித்தார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், நின்றுவிட்டது. கார்த்திகையில் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. தையில் கட்டியாகவே போனபிறகுதான் எங்களிடம் சொன்னார். ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்றார்கள்.

மருத்துவர் இளைஞர். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். அந்த அவசரத்திலும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பெரியவரே, பீடி உண்டா?”

“உண்டுங்க. ரொம்ப வருஷமா.”

“சர்க்கரை, பிரஷர்?”

“இல்லைங்க.”

“ஒங்க பரம்பரையில யாருக்காச்சும் கேன்சர் இருந்திருக்கா?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். எங்கள் தாத்தா எதில் செத்தார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ‘வயித்துவலி வந்து செத்தார்’ என்பதுதான் எங்கள் குடும்பத்தின் மருத்துவ வரலாறு. “தெரியலைங்க” என்றார். சீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கூலி’ என்று எழுதியிருந்தது. எதில் கூலி, எத்தனை வருஷம், கையில் என்ன பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அவர் கடைசியாக வேலைபார்த்த பட்டறையின் மேஸ்திரிக்கு என் தம்பி போன் போட்டான். ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்கத்தான். “எத்தனையோ பேரு இங்க நிக்கிறாங்க, எல்லாருக்குமா வருது? அது அவரு ஒடம்புவாகு தம்பி. ரத்தத்துல இருக்குறது” என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு தம்பி, அதாவது பெரியப்பாவின் மகன், என்னிடம் கேட்டான். அவன் கும்பகோணத்தில் பெயின்ட் வேலை செய்கிறான். “அண்ணே, மரபணு டெஸ்ட்டுன்னு ஒண்ணு போன்ல விளம்பரம் வருது. எடுத்துக்கட்டுமா? நம்ம ரத்தத்துலயே இருக்குதாண்ணே?”

இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அவனைப்போலக் கேட்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ‘ரத்தத்தில் இருக்கிறது’ என்ற சொல்லை நாம் மருத்துவமனையில் முதன்முதலாகக் கேட்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது.

செல்லுக்குள் போகும் சேதி

மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் பூசியதுபோல ஓர் அடுக்குச் செல்கள் உண்டு. அவை தேயத்தேயப் புதியவை உருவாகவேண்டும். எப்போது பெருகவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று செல்லுக்கு வெளியிலிருந்து சேதி வரும். அதை வாங்கிக்கொள்ள செல்லின் மேல்புறத்தில் வாங்கிகள் உண்டு. வாங்கிய சேதி, கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்கு மாறி மாறி உட்கருவரை போய்ச்சேரும். இதைத்தான் செல்லின் சமிக்ஞைப் பாதை என்கிறார்கள்.

இந்த வரிசையில் ஓர் ஆள் பழுதானால், யாரும் கொடுக்காமலேயே கல் போய்க்கொண்டே இருக்கும். செல் நிறுத்தாமல் பெருகும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இப்படி அடிக்கடி பழுதாகிற வாங்கிக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்று பெயர். ஆழமாக வேர்விடாத தொடக்கநிலைக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பழுது இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எர்டாஃபிட்டினிப் என்ற மருந்து இந்த வாங்கியைக் குறிவைத்து அடைக்கிற மருந்துதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மேலே சொன்ன பழுது அம்மா அப்பாவிடமிருந்து வருவதல்ல. வாழ்நாளில், அந்த ஒரு செல்லில், ஏதோ ஒன்று பட்டு உண்டாவது. புகையிலையின் நஞ்சோ சாயத்தின் நஞ்சோ அதைச் செய்யலாம். பிள்ளைக்கு அது போகாது.

பிறப்பிலேயே வருகிற வேறுபாடு வேறு. ஒரே மரபணு உங்களுக்கு ஓர் எழுத்திலும் எனக்கு இன்னோர் எழுத்திலும் எழுதப்பட்டிருக்கும். இந்தச் சிறு வேறுபாடுகளில் சில, சமிக்ஞைப் பாதையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். 2008-இல் ஐஸ்லாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘மிக்’ என்ற வளர்ச்சி மரபணுவுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். 2010-இல் அந்த எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணுவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைக் கண்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் எம்-டோர் எனப்படும் சமிக்ஞைப் பாதையின் மரபணுக்களை 2009-இல் ஆராய்ந்து, அங்கும் சில வேறுபாடுகளுக்கு இந்த நோயோடு தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் முறையான ஆய்வுகள். நான் அவற்றை மறுக்கவில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். 2008-இலும் 2010-இலும் கண்ட அந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு பிரதிக்கு ஆபத்தைக் கூட்டுவது ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்குள்தான். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் வரும் என்றால், இந்த வேறுபாடு உள்ள ஆயிரம் பேரில் பன்னிரண்டு பேருக்கு வரும். மீதி 988 பேருக்கு வராது. புகைபிடிப்பது இந்த ஆபத்தை மூன்று, நான்கு மடங்காக்குகிறது. சாயத் தொழிற்சாலைகளின் கணக்கு இதற்கும் மேலே போகிறது. 1954-இல் பிரிட்டனில் கேஸ் என்பவரும் அவரது குழுவினரும் சாய உற்பத்தித் தொழிலாளர்களின் இறப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்தது பொதுமக்களைவிட ஏறத்தாழ 30 மடங்கு.

ஒன்றேகால் ஒரு பக்கம், முப்பது ஒரு பக்கம். ஒன்றேகாலைப் பற்றி மருத்துவச் சீட்டில் கேள்வி இருக்கிறது. முப்பதைப் பற்றிக் கேள்வி இல்லை. என் ஆத்திரம் இதில்தான்.

130 வருஷமாகத் தெரிந்த சேதி

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. 1895-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரித்த ஆலையின் 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததைப் பார்த்து எழுதினார். அவர் கேட்ட கேள்வி ‘உன் பரம்பரை என்ன’ என்பதல்ல, ‘உன் வேலை என்ன’ என்பது. அந்த ஒரு கேள்வியால்தான் தொழில்சார் புற்றுநோய் ஆய்வின் பெரும்பகுதி தொடங்கியது.

பென்சிடின், 2-நாப்தைலமின், 4-அமினோபைபினைல் ஆகியவை அரோமேட்டிக் அமின் என்ற வகை நஞ்சுகள். மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும். ஈரல் அவற்றை மாற்றி ரத்தத்தில் விடும், சிறுநீரகம் வடிகட்டும், பிறகு சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். அதனால்தான் கையில் பட்டது பைக்குள் போய்க் கட்டியாகிறது. பட்டதற்கும் கட்டி வருவதற்கும் இடையில் 15, 20 வருஷம், சிலருக்கு 40 வருஷம்கூட ஆகும். அதற்குள் தொழிலாளி ஊருக்குத் திரும்பிவிடுவான், பட்டறை பெயர் மாறியிருக்கும், முதலாளி மகன் முதலாளியாகியிருப்பான். யாரையும் கேட்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். 1994-இல் ஜெர்மனி, இத்தகைய அமின்களை வெளிவிடும் சாயங்கள் தோய்த்த துணியைத் தன் சந்தையில் விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதன்பிறகு கரூரும் திருப்பூரும் பதறின. 1997-இல் இந்திய அரசு 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை போட்டது. முன்பே தடையிலிருந்த 42 பென்சிடின் சாயங்களோடு சேர்த்து மொத்தம் 112. நல்லதுதான். ஆனால் ஏற்றுமதி வட்டாரம் யார் தோலுக்காகப் பதறியது என்று யோசியுங்கள். பெர்லினில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறவன் தோலுக்காக. அதே சாயத்தில் முழங்கைவரை முக்கி நின்ற என் பெரியப்பாவின் தோல் அந்தக் கணக்கில் வரவில்லை. தடைக்கு முன்னால் நின்றவர்களை யாரும் தேடிப்போய்ச் சோதிக்கவில்லை. நொய்யல் ஆற்றுக்காக 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொன்னது. ஆற்றுக்கு நீதிமன்றம் இருந்தது, உழவர்களுக்கு வழக்கு இருந்தது. தொட்டிக்குள் இறங்கியவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

தொட்டிக்குள் இறங்கியவர்கள் யார்? பட்டறையில் சாயம் கலக்குகிற மாஸ்டர் ஒருவர், துணியை முக்கிப் பிழிகிறவர் வேறொருவர், தொட்டியின் அடியில் படிந்ததை வழித்து எடுக்கிறவர் இன்னொருவர். இந்த இறக்கத்தில் கீழே போகப்போக எந்த ஊர்க் காலனிக்காரர்கள் நிற்கிறார்கள் என்பது பட்டறைக்குப் போய்வந்த யாருக்கும் தெரியும். தோல் பதனிடும் தொழிலிலும் இதே ஏணிதான். நஞ்சு சாதி பார்க்காது, உண்மை. நஞ்சுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

பீடியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா பீடி குடித்தார். புகையிலைப் புகையிலும் அதே அமின்கள் இருக்கின்றன. சாயத் தொட்டியில் நின்றுகொண்டு பீடியும் குடித்தவனுக்கு ஆபத்து இரண்டு பக்கமும் ஏறும். ‘களைப்புக்குக் குடிச்சேன்’ என்பார். வேலை நடுவில் உட்கார அனுமதி இல்லாத இடத்தில் பீடி பற்றவைத்தால் மட்டும் ஐந்து நிமிஷம் ஒதுங்கி நிற்கலாம் என்பதும் உண்மை. அதற்காகப் பீடிக்கு நான் வக்கீலாக மாட்டேன். நம் பிள்ளைகள் விடவேண்டும். ஆனால் ‘பீடி குடிச்சான், வந்துச்சு’ என்று பட்டறை தப்பித்துக்கொள்ளவும் விடக்கூடாது.

சென்னையில் ஒரு நல்ல முன்னுதாரணம்

‘எத்தனையோ பேர் நிற்கிறார்கள், எல்லாருக்குமா வருகிறது?’ என்ற மேஸ்திரியின் கேள்விக்கும் பதில் உண்டு. ஒரே நஞ்சை ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. இங்கேதான் மரபணு உண்மையிலேயே முக்கியமாகிறது.

ஈரலில் நேட்2 என்று ஒரு நொதி உண்டு. சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. பிறப்பிலேயே வருவது. இந்தியர்களில் பாதிப்பேருக்கு மேல் மெதுவான வகையினர். 2005-இல் ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வில், மெதுவான வகையினருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆபத்து 1.4 மடங்கு இருந்தது. அதுவும் புகைபிடிப்பவர்களிடம்தான் துலக்கமாகத் தெரிந்தது. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனமும் வட இந்தியர்களிடம் இதே வகை மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறது. சீனாவில் பென்சிடின் ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்தபோதோ மெதுவான வகையினருக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. நஞ்சு மாறினால் அதே மரபணுவின் பொருளும் மாறிவிடுகிறது. அப்படியானால் ‘கெட்ட மரபணு’ என்று ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்ட முடியுமா? நஞ்சை எடுத்துவிட்டால் அந்த வேறுபாடு, சுருட்டை முடிக்கும் நேர் முடிக்கும் உள்ள வேறுபாட்டைப்போல ஆகிவிடும்.

இந்த வேகமான, மெதுவான வகைகளை அறுபது வருஷத்துக்கு முன்பே ஆராய்ந்த இடம் நம் சென்னை சேத்துப்பட்டு. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க்கான ஐசோனியாசிட் மருந்தையும் உடம்பு இதே நொதியால்தான் செயலிழக்கச் செய்கிறது. மெதுவான வகையினருக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும், கை கால் நரம்பு எரிச்சல் அதிகம் வரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? ‘உன் உடம்புவாகு சரியில்லை’ என்று ஏழை நோயாளியைத் திருப்பி அனுப்பவில்லை. பைரிடாக்சின் என்ற சத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த எரிச்சலைத் தடுக்கலாம் என்று நிறுவினார்கள். அதே மையம்தான், நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருக்கிறவருக்கும், மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு ஈடாகக் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்னது.

பிறப்பில் வந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு, அதற்கேற்ப மருந்தையும் சூழலையும் மாற்றுவது ஒரு வழி. அதே வேறுபாட்டைக் காட்டி ஆளைக் குற்றவாளியாக்குவது இன்னொரு வழி. அறிவியல் ஒன்றுதான். எந்த வழியில் போகிறது என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது.

ரத்தம் என்ற பழைய சொல்

எங்கள் ஊர் மகாலிங்க சுவாமி கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. வரகுண பாண்டியனின் குதிரை ஓர் அந்தணர்மேல் ஏறி அவர் இறந்துபோக, பிரம்மகத்தி அரசனைப் பற்றிக்கொண்டதாம். அவன் கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் போனான், பிரம்மகத்தி வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியே போய்விட்டான். பிரம்மகத்தி இன்னமும் கிழக்கு வாசலில் காத்திருக்கிறதாம். கொன்ற அரசனுக்குத் தப்பிக்க இன்னொரு வாசல் இருந்தது. எதுவும் செய்யாத எங்கள் பாட்டன்மேல் பிறப்பாலேயே தீட்டு ஒட்டியது என்றார்கள். 1939-இலும் 1947-இலும் கோயில் நுழைவுச் சட்டங்கள் வரும்வரை அந்த இரண்டு வாசலில் எதுவும் அவருக்கு இல்லை.

‘ரத்தத்தில் இருக்கிறது’ என்ற சொல் நமக்கு இப்படிப் பழக்கமானது. அழுக்கு ரத்தத்தில், குடி ரத்தத்தில், படிப்பு ஏறாதது ரத்தத்தில் என்றார்கள். இப்போது நோயும் ரத்தத்தில் என்கிறார்கள். அதனால் மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் ‘இது பார்ப்பனிய அறிவியல்’ என்று ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள். அதுவும் தவறு. அம்பேத்கர் ஒதுக்கவில்லை. 1948-இல் வந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், அன்றைய மானிடவியல் அளவுகளையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறுவேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். எதிரி கொண்டுவந்த அளவுகோலை வாங்கி அளந்து காட்டினார்.

அதற்கும் முன்னால், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமுறைதான் என்று சொன்னார். அப்போது அவருக்கு 25 வயது. அதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து மரபணு ஆய்வாளர்கள் அதையே வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மக்கள் குழுக்கள் சுமார் 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷம் முன்புவரை பரவலாகக் கலந்திருந்தன, அதன்பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகியது என்றது. 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களில் இந்த அடைபட்ட உறவின் தடம் பின்லாந்து மக்களைவிட அழுத்தமாக இருப்பதாகக் கண்டது. அப்படி அடைபட்ட குழுக்களில் சில அரிய பரம்பரை நோய்கள் குவிகின்றன. வைசிய சமூகத்தில் மயக்க மருந்தைத் தாங்காத ஒரு நொதிக்குறை அதிகம் இருப்பது தெரிந்த உதாரணம். சாதி உடம்புக்கும் கேடு, ‘மேல்’ சாதியின் உடம்புக்கும் கேடு. அதைச் சொல்வதும் மரபணு அறிவியல்தான்.

ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் கதை அந்த வகை அல்ல. இதில் பங்குபெறும் வேறுபாடுகள் அரியவை அல்ல. எல்லாச் சாதியிலும் எல்லா நாட்டிலும் பரவலாகக் கிடப்பவை. என் பெரியப்பாவிடம் இருப்பது பட்டறை முதலாளியிடமும் இருக்கலாம். முதலாளியின் கை தொட்டிக்குள் போகவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஏன் பயப்படவேண்டியிருக்கிறது

1970-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அரிவாள் செல் மரபணுச் சோதனை செய்துவந்தது. 1980-இல் நியூயார்க் டைம்ஸ் அதை எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. எதிர்த்தவர்களின் கேள்வி எளிமையானது: ஆலையைச் சுத்தப்படுத்துவதா, ஆளைப் பொறுக்குவதா? 2008-இல் அங்கே வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வந்தது. இங்கே வேலையிடத்தில் அதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. காப்பீட்டில் மட்டும், 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ‘மரபணுக் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பணம் மறுப்பது சமத்துவத்துக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது.

இதற்கிடையில் 2025 சனவரியில் ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு வெளியானது. 83 மக்கள் குழுக்கள், ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணு. நான் இதை வரவேற்கிறேன். உலகத்தில் இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்தது. அவர்களுக்காகச் செய்த கணக்கை நம்மேல் அப்படியே பொருத்த முடியாது. நாமும் இருக்கவேண்டும். ஆனால் நம் ரத்தத்தை வாங்குகிற கை, நம் வேலையையும் குடிக்கிற தண்ணீரையும் குடியிருப்பையும் சேர்த்து எழுதவேண்டும். வேலையை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எழுதினால், நாளைக்கு வருகிற எல்லா நோய்க்கும் ரத்தமே பதிலாகும்.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவது, அரசு மருத்துவமனைச் சீட்டில் ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல் போதாது. வாழ்நாளில் பார்த்த வேலைகள், இடம், வருஷம், கையாண்ட பொருள் ஆகியவை புற்றுநோய் நோயாளி ஒவ்வொருவரிடமும் கேட்கப்படவேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் அது போகவேண்டும்.

இரண்டாவது, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ‘தொழில்சார் புற்றுநோய்’ இருந்தது. கண்டறிந்த மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கடமையும் இருந்தது. ஆனால் மின்சாரம் உள்ள இடமென்றால் 10 பேர், இல்லாத இடமென்றால் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இன் தொகுப்புச் சட்டம் இந்த எண்ணை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. சின்னப் பட்டறைகள் கணக்குக்கு வெளியே போகின்றன. நஞ்சைக் கையாளும் இடத்துக்குத் தலை எண்ணிக்கை வரம்பே கூடாது.

மூன்றாவது, சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலைகளில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் ஒரு சோதனைப் பட்டை காட்டிவிடும். திருவிடைமருதூர் வட்டாரக் காலனிகளில் முகாம் போட்டாலே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

நான்காவது, சிகிச்சை. ஆழமாகப் போகாத கட்டியென்றால் சுரண்டி எடுத்துவிட்டு, காசநோய்த் தடுப்பூசியான அதே பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். அப்புறமும் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டுத் தொடரவேண்டும். காப்பீட்டு அட்டை மருந்துக்கு உதவும். ஒவ்வொரு முறையும் போகிற பேருந்துக் காசும், துணைக்கு வருகிறவன் இழக்கும் கூலியும் யார் கணக்கு? பாதியில் நிறுத்துகிறவர்கள் அறியாமையால் நிறுத்துவதில்லை.

ஐந்தாவது, மரபணுத் தகவலை வைத்து வேலையோ காப்பீடோ மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம்.

கடைசியாகத் தம்பிக்கு. அந்த டெஸ்ட்டுக்குக் காசு கட்டாதே. அது சொல்லப்போவது ஒன்றேகால் மடங்கு, முக்கால் மடங்கு என்ற கணக்கைத்தான். அதை வைத்துக்கொண்டு நீ செய்யக்கூடியது எதுவும் இல்லை. நீ செய்யக்கூடியது வேறு இருக்கிறது. பெயின்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சிறுநீர்ப்பையும் நுரையீரலும் அந்தப் பட்டியலில் உண்டு. கையுறையும் முகமூடியும் கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கு, நாலு பேராகச் சேர்ந்து கேள். தின்னரில் கை கழுவாதே. சிகரெட்டை விடு. சிறுநீரில் ஒருமுறை ரத்தம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், அடுத்த நாளே மருத்துவமனைக்குப் போ. சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருக்காதே. நாம் இழந்த மூன்று மாதம் அதில்தான் போனது.

பெரியப்பாவுக்கு நான்கு வாரம் மருந்து முடிந்திருக்கிறது. போனமுறை போனபோது, அந்த இளம் மருத்துவரிடம் நானே சொன்னேன்: “சார், 22 வருஷம் சாயப்பட்டறை. வெறுங்கை.” அவர் நிமிர்ந்து பார்த்தார். சீட்டை வாங்கி, ‘கூலி’ என்பதற்குப் பக்கத்தில் அதை எழுதினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.